கழிவுத் துண்டுகள்

ஸ்டுடியோவில் அவளுக்குக் கத்திரி அக்கா என்று பெயர். கேமராவில் வந்து குவியும் வீடியோவைச் சீன் சீனாகப் பிரித்து எடிட்டரிடம் கொடுப்பது அவள் வேலை. ஒவ்வொரு துண்டிலும் தொடக்கத்துக் கேமரா ஆட்டத்தையும் கடைசி ஆட்டத்தையும் நறுக்கிக் 'கழிவு' ஃபோல்டரில் தள்ளிவிடுவாள். பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டில் யாராவது பேச்சை இழுத்தாலும் பாதியிலேயே வெட்டுவாள். புருஷன் அவளிடம் கதை சொல்வதையே விட்டுவிட்டார்.

அன்று அவள் கால் மேசைக்கடியில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அதே ஸ்டுடியோவில் கேமராமேனாக இருக்கும் அவள் தம்பி எடுத்துவந்த கல்யாணத்தைத் திறந்தால், அதில் கல்யாணத்தைத் தவிர எல்லாம் இருந்தது. தரை, செருப்பு, நாற்காலிக் கால்கள். மோதிரம் மாற்றுவதற்கு முன்பே ஒரு துண்டு முடிந்தது. மாற்றிய பிறகுதான் அடுத்தது தொடங்கியது. பட்டனில் ஓர் அழுத்து தவறியிருக்கிறது. அவன் எடுப்பதாக நினைத்தபோதெல்லாம் கேமரா நின்றிருக்கிறது, நிறுத்தியதாக நினைத்தபோதெல்லாம் ஓடியிருக்கிறது. நேற்று கேமரா தொட்டவன் செய்கிற தப்பு இது. பதினைந்து வருஷமாகத் தொட்டவன் செய்யலாமா?

கல்யாணப் பெண்ணின் அம்மா மாலையில் வீடியோவைப் பார்க்க வருவதாக இருந்தது. முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். உன் தம்பி குடித்துவிட்டுப் போயிருப்பான், நாளை முதல் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார். அவளும் தம்பியைப் போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் எதிர்த்துப் பேசவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னான். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

உட்கார முடியவில்லை. எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், திரும்ப வந்து எதையோ தேடுகிறவளாகத் தம்பி முன்பு எடுத்த விசேஷங்களின் கழிவைத் திறந்தாள். அவளே வெட்டிப்போட்டவைதான். எல்லாவற்றிலும் அவன் முகம் இருந்தது. பதிவு ஓடுவதைக் காட்டும் முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கேமராவைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறான். பழைய துண்டுகளில் ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தான். அப்புறம் கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டே வந்தான். போன மாதத்துத் துண்டில் திரை முழுக்க ஒரே ஒரு கண், எதையும் காணாமல் அங்குமிங்கும் தேடியது.

ஒவ்வொன்றையும் அவள் கைதான் வெட்டியிருந்தது.

தம்பி கதவைத் தடவித் திறந்து உள்ளே வந்தான்.

"எத்தனை நாளாடா கண்ணு இப்படி இருக்கு? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவன் நாற்காலியைத் துழாவி உட்கார்ந்தான்.

"சொல்ல வந்தேன்க்கா, ரெண்டு தடவை. நீ 'விஷயத்துக்கு வா'ன்னே. சரி, தினமும் என் மூஞ்சியைத்தானே பார்க்கிறே, நீயே கேப்பேன்னு இருந்துட்டேன்."