மூக்கை அளந்த தபசு

ஆடித் தபசுக்கு எங்கள் ஊரில் வீடு கொள்ளாமல் ஆள் வரும். சங்கரன்கோவிலில் ஒரு வீடு இருந்தால் போதும், ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது எல்லாம் அன்றைக்குச் சொந்தமாகிவிடும். எழுபதுகளின் பின்பாதியில், பாளையங்கோட்டையில் பி.ஏ. சரித்திரம் படித்தபோது, ஒரு தபசுக்கு என் சிநேகிதனையும் கூட்டி வந்தேன். பனவடலிசத்திரம் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம். விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். அவன் விசிலுக்கு ஆடு திரும்புமோ இல்லையோ, நான் திரும்பிவிடுவேன்.

அந்த வருஷம் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. நூலகத்தில் வெள்ளைக்காரன் காலத்துத் தடிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்தால் இனம் தெரிந்துவிடுமாம். எண் குறையக் குறைய இனம் உசத்தியாம். சாதிவாரியாகப் பட்டியலே போட்டிருந்தான். அச்சில் வந்ததெல்லாம் வேதம் என்று நம்புகிற வயது. பௌதிக ஆய்வகத்தில் கெஞ்சி துல்லியமாக அளக்கிற வெர்னியர் காலிப்பர் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன்.

தபசன்று காலை முற்றத்தில் அளவெடுப்பு நடந்தது. கோவிலிலிருந்து புற்றுமண் பூசிய நெற்றியோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக மூக்கைக் கொடுத்தார்கள். சிநேகிதன்தான் நோட்டைப் பிடித்துக்கொண்டான். "எனக்குச் சளி பிடிச்சிருக்குலே, வீக்கத்தக் கழிச்சிட்டு எழுது" என்றாள் அத்தை.

கடைசியில் அப்பா உட்கார்ந்தார். கோவில் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்கிறவர். வகுத்துப் பார்த்தால், அவருடைய எண் பட்டியலின் அடிமட்டத்துக்குப் போனது. சிநேகிதனுடைய எண்தான் எல்லோரிலும் குறைவு. அப்பா முகத்தைப் பார்த்தேன். புத்தகம் தப்பாக இருக்கலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, நான் அளந்ததுதான் தப்பு என்று பட்டது. நோட்டை வாங்கி, இரண்டு எண்களையும் இடம் மாற்றி எழுதி, அதையே உரக்க வாசித்தேன்.

"பாத்தியளா, வெள்ளைக்காரனே எழுதிட்டான்" என்றார் அப்பா. பிறகு அம்மாவிடம் திரும்பி, "அந்தப் பையனுக்கு இலையப் பின்கட்டுல போட்டுரு" என்றார்.

முந்தின நாள் எங்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன். அவன் எழுந்து பின்கட்டுக்குப் போனதை நான் பார்த்தேன். முன்கட்டில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

சாயங்காலம் தேரோடும் வீதியில், தோட்டத்துப் பருத்தி என்று துண்டில் முடிந்து கொண்டுவந்ததை அவன், விளைச்சலைச் சாமிக்கு வீசுகிற வழக்கப்படி, சாமியை நோக்கி வீசினான். யார் பெரியவர் என்ற சண்டையைத் தீர்க்கப் பாதி சிவனாகவும் பாதி பெருமாளாகவும் வந்த சாமி. நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பஸ் ஏறும்போதுதான் வாயைத் திறந்தான். "ஏலே, ஒங்க அப்பா மூக்கு எங்கிட்டதான் இருக்கு. பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்லு." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

விடுதியில் அதற்குப் பிறகும் பேசிக்கொண்டோம். ஆனால் தட்டு இரண்டானது. அவன்தான் தனித்தட்டு வாங்கினான்.

அடுத்த வருஷம் பேராசிரியர் ஒருவர் அந்த மூக்குக் கணக்கெல்லாம் குப்பைக்குப் போய்விட்டது என்று பாடம் நடத்தினார். யார் உசத்தி என்று முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கேற்ற எண்களைத் தேடினார்கள், அந்த மாதிரிக் கணக்கை நம்பித்தான் ஐரோப்பாவில் லட்சம் லட்சமாக ஆட்களைக் கொன்றார்கள் என்றார். வகுப்பே வெள்ளைக்காரனைத் திட்டியது. நான் குனிந்தபடி இருந்தேன். அதே வேலையை எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு செய்தவன் நான்.

மாற்றி எழுதினேன் என்று அப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. சிநேகிதனிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அவன் அதன் பிறகு எந்தத் தபசுக்கும் வரவில்லை. வீடு இன்றும் தபசன்று நிறைந்துதான் போகிறது. தேர் வீதிக் கூட்டத்தில் யாராவது விசிலடித்தால் நான் இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன்.