விழுந்தபோது பாடிய பாட்டு

முதலில் துடித்தது இடது கட்டைவிரல். வேதப்புத்தகத்தைத் தாங்கியிருந்த விரல்.

காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுடையது சிறிய சபை. போதகர் பல ஊர்களைப் பார்ப்பதால், அவர் வராத ஞாயிறுகளில் குறித்த பகுதியை வாசித்து விளக்கம் சொல்வது என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். மற்ற நாட்களில் திராட்சைத் தோட்டத்தில் வேலை. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. அந்தப் புத்தகம் கையில் இருந்தால் மட்டும் வரும்.

அன்று விதைக்கிறவனின் உவமை. நல்ல நிலத்தில் விழுந்த விதையைப் பற்றிய வரியை வாசித்தபோது எதுவோ கருகும் வாடை அடித்தது. எழுத்துகள் தெரிந்தன, அடுத்து எங்கே போவதென்று தெரியவில்லை. அதே வரியை மறுபடி வாசித்தேன். அழுத்திச் சொல்கிறேன் என்று நினைத்து எல்லோரும் ஆமென் சொன்னார்கள். மறுபடியும் அதே வரி. இன்னும் உரத்த ஆமென். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தச் சுவை. வேட்டி நனைந்திருந்தது. என் மனைவி ரோஸ்லின் முந்தானையால் அதை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சபை மூப்பர் கண் கலங்க என் கையைப் பிடித்து, "ஆவியானவர் ஒம்மேல எறங்கிட்டாருப்பா" என்றார். நான் துடித்த நேரமெல்லாம் அவர்கள் கைதட்டிப் பாடியிருக்கிறார்கள்.

வீட்டில் வேட்டியை அலசியபடி ரோஸ்லின் சொன்னாள்: "ஆவியானவர் எறங்குனா வேட்டியிலயா போகும்? நாளைக்குத் தேனிக்குப் போறோம்."

ஆஸ்பத்திரியில் மருத்துவர் என்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டார். இது எவ்வளவு காலமாக இருக்கிறது?

"தூக்கத்துல கை வெட்டி வெட்டி இழுக்கும் டாக்டரம்மா. கனவுல பிரசங்கம் பண்றாகன்னு விட்டுட்டேன்."

மருத்துவர் சிரித்துவிட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

ஸ்கேனில் மூளையில் ஒரு தழும்பு தெரிந்தது. நாடாப்புழுவின் முட்டை சரியாகக் கழுவாத காய்கறி வழியாக உள்ளே போய், மூளையில் தங்கிக் காய்ந்த இடமாக இருக்கலாம் என்றார். ஈ.இ.ஜி. (தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். வந்தது வலிப்பு. காலையும் இரவும் மாத்திரை. ஏணி ஏறக்கூடாது, வாய்க்காலில் இறங்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது.

மாத்திரை தொடங்கியபோது தூக்கம் அமுக்கியது. மனப்பாடமாய் இருந்த வசனங்கள் பாதியில் நின்றன. உங்களுக்கும் அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எனக்கு மெல்லத் தெளிந்தது.

தெளியாதது வெட்கம். மறு ஞாயிறே தங்கள் தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். அது வலிப்புதான் என்று ரோஸ்லின் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கு வாய் வரவில்லை.

பின்வரிசையில் மெர்சி உட்கார்ந்திருப்பாள். இருபது வயதிருக்கும். அவளும் விழுவாள், என்னைப் போலவே. அவள் விழுந்தால் மூப்பர் தலையை அமுக்கிப் பிடிப்பார். அதைப் பிசாசு என்பார்கள். ஒரே விழுகைக்கு எங்கள் சபை இரண்டு விளக்கம் வைத்திருந்தது. நல்ல விளக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு ஞாயிறுக்குக் குறித்திருந்த பகுதி, தீயிலும் தண்ணீரிலும் விழுகிற மகனை இயேசுவிடம் தகப்பன் கொண்டுவருவது. அது வாசிக்கப்படும்போதெல்லாம் பெண்கள் மெர்சியைத் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் அதைப் படித்துப் பார்க்கையில் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். இயேசு பையனைக் குணமாக்கும் முன் தகப்பனிடம் ஒன்று கேட்கிறார். இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று. எத்தனையோ முறை வாசித்துக் கடந்துபோன வரி.

அந்த ஞாயிறு சபையில் வாசித்துவிட்டுச் சொன்னேன். இதில் அசுத்த ஆவி என்றுதான் எழுதியிருக்கிறது. அதை மாற்ற எனக்குப் படிப்பும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் இயேசு முதலில் கேட்டார். மெர்சியின் அம்மாவிடம் நாம் யாரும் கேட்டதில்லை. பிறகு, "எனக்கு வந்தது வலிப்பு. மாத்திரை சாப்பிடுறேன்" என்றேன்.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

"பிரசங்கத்துல மாத்திரை எதுக்குப்பா?" என்றார் மூப்பர். உடம்பு தேறும்வரை ஓய்வெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இப்போது வேறொருவர் வாசிக்கிறார். நான் பின்வரிசையில் இருக்கிறேன். என்னிடம் ஜெபிக்கச் சொன்னவர்கள், ஆராதனை முடிந்ததும் என்னைக் கண்டால் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்கிறார்கள்.

மெர்சியின் அம்மா மட்டும் வந்து, "எந்த ஆஸ்பத்திரிண்ணே?" என்று கேட்டாள். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போனபோது அவர்களையும் கூட்டிக்கொண்டு போனோம். பஸ்ஸில் மெர்சி எனக்கு முன் இருக்கையில் இருந்தாள். வீரபாண்டி தாண்டியதும் திரும்பினாள்.

"மாமா, நீங்க விழுந்தப்ப என்ன பாட்டுப் பாடுனாக தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"சந்தோஷப் பாட்டு. நானும் பாடுனேன்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்குப் பிசாசு வெரட்டுற பாட்டாம். அம்மா சொல்லுவாக. நான் கேட்டதே இல்ல."

இப்போதெல்லாம் இடது கட்டைவிரலைப் பார்த்தபடிதான் இருக்கிறேன். என் வாழ்நாளில் ஒரு பாட்டளவு நேரம் என்னிடம் இல்லை. அது சபையில் இருந்தவர்களிடம் இருக்கிறது. மெர்சிக்கு அப்படி எத்தனை பாட்டோ. அவள் கேட்காத, நான் கேட்ட பாட்டுகள் அவை. சிலவற்றுக்குக் கைதட்டியும் இருக்கிறேன்.