மருந்துப் பீப்பாவும் என் நெஞ்சுக் கட்டியும்

இடது மார்பில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி. சட்டை உரசினாலே வலித்தது. ஹாலிஎல பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக்குப் பூச்சிமருந்து அடிக்கும் கேங்கில் நான் சேர்ந்து இரண்டாவது வருடம் அது.

"பூச்சிக்குத்தான்டா விசம். மனுசன ஒண்ணும் செய்யாது" என்று எங்களை மேய்க்கும் கண்டாக்கையா சொல்லியிருந்தார். ஆனால் காற்று எங்கள் பக்கம் அடிக்கும்படி பார்த்துத்தான் அவர் நிற்பார்.

கேங்கிலிருந்த காளிமுத்துவிடம் மட்டும் கட்டியைக் காட்டினேன். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், அத்தனை பேர் முன்னால், "அண்ணே, கைப்புள்ளைங்கள பாத்துக்க பிள்ளக் காம்பராவுக்கு ஆயா வேணுமாம், போறியா?" என்றான்.

அதோடு எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். மீசை நேற்றைவிடச் சன்னமாகிவிட்டதோ? குரல் கீச்சென்று ஆகிறதோ? சோதித்துப் பார்க்க மலையுச்சியில் நின்று அடித்தொண்டையில் கத்தினேன். சிறுத்தை என்று கங்காணி கம்போடு ஓடிவந்தார்.

பதுளை டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கட்டியை அழுத்திப் பார்த்தார்.

"மருந்தடிச்சிட்டுக் குளிக்கிறனீரோ?"

"குளிப்பேங்க. எங்க வூட்டுல தண்ணிக்குப் பீப்பாவே இருக்குங்க" என்றேன் பெருமையாக. காலியான மருந்துப் பீப்பாவைக் கேங்குக்காரருக்கு இனாமாகக் கொடுப்பது தோட்டத்து வழக்கம். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது. "சாம்பல் போட்டுத் தேய்ச்சுட்டோமுங்க. குடிக்கவும் அதுதான்."

டாக்டர் கையை எடுத்துவிட்டார்.

"ஆம்பிளை உடம்பிலையும் பொம்பிளை ஹோர்மோன் கொஞ்சம் இருக்கு. இந்த மருந்து அந்தக் கணக்கைக் குழப்புதோ எண்டு எனக்குச் சந்தேகம். அடிச்சுச் சொல்லேலாது. கட்டி பொல்லாததாத் தெரியேல்லை. ஆனா அந்தத் தண்ணியை இண்டைக்கே நிப்பாட்டும்."

பிழைத்தேன் என்று வீட்டுக்கு ஓடினேன். மனைவி முழுவதையும் கேட்டாள். இடுப்பில் பால்குடி மகள்.

"ஒங்க நெஞ்சப் பத்திக் கேட்டீங்க. நானும் இவளும் அதே தண்ணியத்தானே குடிச்சோம்? எங்களப் பத்திக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மீசையைப் பற்றிக்கூடக் கேட்டிருந்தேன்.

மண் கொத்தும் முள்ளுக்குத்தியை எடுத்துப் பீப்பாவின் அடியில் ஓட்டை போட்டேன். அதே கையோடு எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் பீப்பா வைத்திருந்த மற்ற வீடுகளுக்கும் போனேன். ஒரு வீட்டில் திட்டு, ஒரு வீட்டில் விளக்குமாறு. கடைசியில் காளிமுத்து மட்டும் சிரிக்காமல் தன் பீப்பாவை உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஓசியில குடுத்தத ஓட்ட போடுறியா?" என்று கண்டாக்கையா குதித்தார்.

"ஐயா வூட்டுக்கு ஒண்ணு அனுப்பட்டுங்களா? குடிக்க?"

பீப்பாவைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நடையைக் கட்டினார்.

என் கட்டி மெல்லக் கரைந்தது. எதனால் என்று இன்றுவரை தெரியாது. மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவளுக்குக் காய்ச்சல் என்றாலே எனக்கு அந்தப் பீப்பா ஞாபகம் வரும். மருந்தடிக்கப் போகும் தம்பிகளே, சந்தேகப்பட வெட்கப்படாதீர்கள். ஆனால் என்னைப் போல உங்கள் நெஞ்சோடு நிறுத்திவிடாதீர்கள். அடுப்படி வரைக்கும் போய்ச் சந்தேகப்படுங்கள்.