பனி தங்காத பாதை

சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்க, அந்த ஒடுங்கிய பாதையில் மட்டும் ஈரமண் கறுப்பாகத் தெரிந்தது. இரண்டாயிரத்துகளின் நடுவில், கனடாவின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு குடியிருப்பு வளாகத்துக்கு வேலையாகப் போன முதல் நாள் கண்ட காட்சி அது. ஒரே கொதிகலனிலிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும், மறுகோடியிலிருந்த தேவாலயத்துக்கும் நிலத்தடிக் குழாய்களில் சுடுநீர் போனது. குழாய்களைச் சுற்றியிருந்த காப்புறை தண்ணீரில் ஊறிப் பழுதாகிவிட்டதால், வீடுகளுக்குப் போகவேண்டிய சூட்டில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, பாதையில் விழுந்த பனியை உருக்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதுதான் என் வேலை.

அந்த ஈரமண்ணில் மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருவர் ஊன்றுகோலோடு நடந்து வந்தார். பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து தேறியவர். ஊரில் காணாமல் போன மகனுக்காக நாள்தோறும் தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தப் போவார். நான் தமிழில் கதைத்ததும் நின்றுவிட்டார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"அப்ப இனி இதிலயும் பனி நிக்குமோ, தம்பி?"

"ஓம் அக்கா. பேந்து வீட்டுக்குள்ள நல்ல சூடு வரும்."

"வீட்டுக்குள்ள எனக்குப் போதும். இதாலதான் நான் கோயிலுக்குப் போறன்."

பாதையில் பனியை அள்ளி, வழுக்காமலிருக்க உப்புப் போட ஆள் வைக்கும்படி நிர்வாகத்துக்கு எழுதுகிறேன் என்றேன். சொன்னபோது எழுதவேண்டும் என்றுதான் உண்மையாகவே எண்ணியிருந்தேன். கோடையில் பழைய குழாய்களைத் தோண்டியெடுத்து, தடித்த காப்புறையும் நீர்புகா மேலுறையும் கொண்ட புதியவற்றைப் பதித்தோம். வேலை முடிந்ததும் என்னை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். கடிதம் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது.

தை மாதம் குழாய்களைச் சோதிக்கத் திரும்பிப் போனேன். வளாகம் முழுவதும் ஒரே வெள்ளை. வேலை சுத்தம் என்று மேலாளர் தோளில் தட்டினார். அக்காவின் கதவைத் தட்டினேன். மகள் திறந்தாள். அக்கா இருக்கிறாரா என்று கேட்டேன்.

"அம்மா மார்கழியில கோயிலுக்குப் போற வழியில பனியில வழுக்கி விழுந்திட்டா, அண்ணை. வேண்டாம் எண்டு மறிச்சனாங்கள், கேக்கேல்லை. ஆஸ்பத்திரியில நியூமோனியா வந்து கண்ணை மூடிட்டா."

நான் யார் என்று சொன்னேன். அவள் என்னை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தாள். "நீங்கள் எழுதுறன் எண்டு சொன்னதை அம்மா எல்லாருக்கும் சொல்லுவா. ஆள் வருவினம் எண்டு யன்னலால பாத்துக்கொண்டிருப்பா," என்றாள். குற்றம் சாட்டும் குரல் அதில் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே எழுதினேன். மறுவாரம் உப்புப் போட ஆள் வந்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கடிதம் மொத்தமே ஆறு வரிகள்.