பஸ்ஸில் நான் கத்திய கத்தல்

இரண்டாயிரத்து ஆறாம் வருடம். செராமிக் பொம்மைப் பெட்டியோடு விருத்தாசலத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். கூடவே ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள். உட்கார இடமில்லை. முன்சீட்டில் நாற்பது வயதுக்காரர் ஒருவர், முகமெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தார். மகளுக்கு இடம் கேட்டேன்.

“முடியாதுங்க” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “காலங்காத்தால குடிச்சிட்டு வந்தா எப்புடி எழுந்திரிக்க முடியும்?” என்று பஸ்ஸே கேட்கும்படி கத்தினேன். “சும்மா இரும்மா” என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் சட்டைக் கையை மேலே ஏற்றினார். நரம்புகள் கயிறாகப் புடைத்திருந்தன. கை நெடுக ஊசித் தழும்புகள்.

“சர்க்கரையில ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவ ரத்தம் சுத்தம் பண்ணப் போறேன். ஒரு நாளைக்கு மூணு டம்ளர் தண்ணிதான் குடிக்கலாம். என்னைப் போயி குடிகாரன்றீங்க.”

வேறு யாரோ எழுந்து மகளை உட்கார வைத்தார்கள்.

“தெரியாம பேசிட்டேன், மன்னிச்சிடுங்க” என்றேன்.

“தெரியலன்னா கேட்டிருக்கணும். இப்ப வாய மூடிக்கிட்டு வாங்க.”

பாண்டிச்சேரி வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இறங்கியதுமே அவரை மறந்திருப்பேன்.