ஓம் அண்ணையின் இடது காது

லண்டன் ஈஸ்ட் ஹாமில் சேலைக்கடை வைத்திருக்கும் புவனேந்திரனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் "ஓம் அண்ணை" என்றுதான் அழைப்பார்கள். பக்தியால் வந்த பெயரல்ல. பிறவியிலேயே அவருடைய இடது காதில் துவாரம் இருக்க வேண்டிய இடத்தை எலும்பு அடைத்திருந்தது. மடலில் குறையில்லாததால் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நின்று யார் எதைச் சொன்னாலும் சிரித்த முகத்தோடு, ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் "ஓம்" என்பார். அப்படித்தான் ஒரே நாளில் இரண்டு கோயில் தேர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் போட ஒப்புக்கொண்டார். பலர் அதைப் பெருந்தன்மை என்றார்கள். காதில் விழாததற்குச் சம்மதிப்பது பெருந்தன்மையா என்பது வேறு கேள்வி.

காரில்தான் அவருக்கு வருத்தம். ஓட்டும் ஆசனம் வலப்பக்கம். மனைவி சந்திரவதனா இருப்பது இடப்பக்கம். பன்னிரண்டு வருடமாக அவள் காரில் பேசியதில் பாதிகூட அவருக்கு எட்டவில்லை. அதற்காகவே 2004இல் சத்திரசிகிச்சைக்குப் போனார்.

டாக்டர் சம்மதப் படிவத்தோடு இடப்பக்கம் நின்று விளக்கினார். "யெஸ், யெஸ்" என்று பேனாவுக்குக் கை நீட்டினார் புவனேந்திரன். டாக்டர் கொடுக்கவில்லை. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

புவனேந்திரன் மனைவியைப் பார்த்தார். "காது சுகமாகும் எண்டவர், என்ன?"

"முகம் கோணலாம் எண்டல்லோ சொன்னவர்!" சந்திரவதனா தலையிலடித்துக்கொண்டாள். "அதுக்கும் ஓமோ?"

டாக்டர் வலப்பக்கம் வந்து மறுபடி தொடங்கினார். எலும்பைக் குடைந்து வழி திறந்து, தொடைத் தோலை உள்ளே போர்த்துவார்கள். பக்கத்திலேயே முகநரம்பு ஓடுகிறது. கேட்கும் என்ற உறுதியும் இல்லை. புவனேந்திரன் கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு "ஓம்" என்றார். இது கேட்டுச் சொன்ன ஓம்.

முகம் கோணவில்லை. மூன்று வாரத்தில் காதை அடைத்திருந்த பஞ்சை எடுத்தார்கள். வீடு திரும்பும்போது காரில் இடப்பக்கம் ஏதோ சரசரத்தது. அவள் சேலை.

"கேக்குதோ?" என்றாள்.

"ஓம்."

அவள் முகம் வாடியது. பன்னிரண்டு வருடமாகக் கேட்ட அதே ஓம், எப்படி நம்புவாள்? ஜன்னல் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னாள்: "வாற சனிக்கிழமை கடையைப் பூட்டிப்போட்டு, என்ர அண்ணை வீட்டில புல்லு வெட்டிக் குடுங்கோ."

"ஏலாது. உன்ர அண்ணைக்குக் கை இல்லையோ?"

காரில் அவள் கேட்ட முதல் மறுப்பு அது. சந்திரவதனா துள்ளித் திரும்பினாள். அவர் தோளில் ஒன்று போட்டாள். உடனே கைப்பேசியை எடுத்தாள்.

"அண்ணை! இவர் ஏலாது எண்டு சொல்லிப்போட்டார்!"