முன்வயல் விட்ட வழி

அறுவடைக் காலத்தில் எங்காவது செயின் வண்டி என்னும் அறுவடை இயந்திரம் உறுமினால், எங்கள் உழவர் சங்கத்தில் செயற்கை நுண்ணறிவை முதன்முதலாக நம்பிய அந்தத் தை மாதம் நினைவுக்கு வந்துவிடுகிறது. நடவுத் தேதி, செயற்கைக்கோள் படம், மழை அறிவிப்பு எல்லாம் பார்த்து, எந்த வயலை எப்போது அறுப்பது என்று அது வரிசை போட்டுத் தரும். சங்கத்தில் இருந்தவை இரண்டே அறுவடை இயந்திரங்கள். அதுவரை வரிசையைத் தீர்மானித்தது கரை வேட்டியும் உரத்த குரலும்தான். வண்டிகளை அனுப்புவது என் வேலை.

முதல் வரிசையில் முதலில் வந்தது ஓர் அம்மாளின் உள்வயல். பண்ணையாளாக இருந்த அவருடைய அப்பாவுக்கு நில உச்சவரம்பில் கிடைத்த நிலம். கதிர் முற்றிச் சாயத் தொடங்கியிருந்தது. மறுநாள் கனமழை என்றது அறிவிப்பு. நனைந்தால் அந்த வருட நெல் அத்தனையும் முளைத்துவிடும். அவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"நெசமாவே நாந்தான் மொதல்லயா சார்? யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க. அதுவாவே போட்டது."

"அதுக்கு எங்க தெரு தெரியாது போல" என்று சிரித்தார்.

வழியும் அதற்குத் தெரியாது. எனக்கும் அது தோன்றவில்லை. உள்வயலுக்குப் பாதை கிடையாது; முன்வயலை அறுத்த பிறகு அதன்மேல்தான் வண்டி போக வேண்டும். முன்வயல்காரர், உச்சவரம்பில் நிலம் போன மிராசுதாரரின் மகன். அவர் பயிர் இன்னும் பச்சை. வண்டி வரப்போரம் நின்றது.

"கம்ப்யூட்டரு சொன்னா என் பயிர மிதிச்சிருவீங்களா?"

"கையால அறுத்தப்ப எங்களுக்கு வரப்பே போதும்ங்க" என்றார் அம்மாள். "இதுக்குத்தான் வழி வேணுங்குது. ஓரமா வண்டி போற அகலம் மட்டும் அறுத்துக்கிறோம். அந்த நெல்ல என் வயல்லேருந்து தந்துர்றேன்."

முன்வயல்காரர் வானத்தைப் பார்த்தார். கிழக்கே கருத்திருந்தது.

"அறுக்க ஆளு ஏது? அருவாளாவது வச்சிருக்கியளா?"

"கூரையில சொருவி வச்சது கெடக்கு."

சற்று நேரத்தில் அம்மாளின் தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். வண்டியின் அகலத்தைக் கயிற்றில் அளந்து பிடித்தேன்; ஒரு சாண்கூட மிகக் கூடாது.

"என்னக்கா, அறுக்குற பிடி இத்தனூண்டா இருக்கு?" என்று அம்மாளைக் கிண்டினாள் ஒருத்தி.

"குனிஞ்சு எத்தன வருசமாச்சுடி. இடுப்பு மெஷினோட போயிருச்சு."

வரப்பில் நின்றவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நெல்லெல்லாம் வேணாம். பச்சைய என் மாட்டுக்குக் கட்டி வச்சிட்டுப் போங்க" என்றார்.

மழை இறங்கியபோது அம்மாளின் நெல் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது.

அடுத்த வாரமே வீடு வீடாகப் போய், யார் வயலுக்கு யார் வயல் வழி என்று கேட்டு, வரிசை போடும் அந்த நிரலில் ஏற்றினேன். அன்றிலிருந்து முன்வயல் அறுபட்ட பிறகே உள்வயலுக்கு வண்டி வருகிறது. வரப்பில் நின்று யாரும் யாரிடமும் வழி கேட்பதில்லை. வேலை சுத்தம்தான். ஆனாலும், தை பிறந்தால் அந்தப் பச்சைத் தாள் அறுபட்ட வாசனையையும் அந்தச் சிரிப்பையும் என் மனம் தேடுகிறது.